குடியை விட்டவருக்கு மாலை 6 மணிக்கு மேல் என்ன வேலை?

கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களில் முந்தைய நாள் இரவு வரை குடித்தவர்களும் உண்டு. "இவனால ஒரு நாள் சும்மா இருக்க முடியாது" என்று வீட்டாரே கைவிட்டவர்கள் 41 நாள், 48 நாள் என்று ஒரு சொட்டுத் தொடாமல் இருந்துவிடுகிறார்கள். மலை இறங்கி வந்து, தேங்காய் உடைத்து, மாலையைக் கழற்றிய அன்றிரவே பழைய இடத்தில் போய் உட்காருகிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். சாமிக்குப் பயந்து இருந்தான், பயம் விட்டுப்போச்சு, குடிச்சுட்டான் என்று சொல்லிவிடுவது சுலபம். குடிநோயாளிகளோடு நாள்பட்டுப் பழகியவர்கள் வேறொன்றைக் கவனிப்பார்கள். மாலை போட்டிருக்கும் ஆளுக்குச் சாயங்காலம் தனியாகக் கழிவதே இல்லை. ஆறு மணிக்குக் குளியல், ஏழு மணிக்கு யார் வீட்டிலாவது பூஜை, சரணம், அங்கேயே டிபன். கறுப்பு வேட்டியைப் பார்த்துவிட்டு "ஏன் குடிக்கல?" என்று எவனும் கேட்பதில்லை. ஊற்றிக் கொடுக்கவும் யாருக்கும் கை வராது. ஒரு நாள் பூஜைக்குப் போகாவிட்டால் குருசாமி ஆள் அனுப்பிவிடுவார். நேற்றுவரை ஒதுங்கிப் போன தெரு இன்று "சாமி" என்று கூப்பிடுகிறது. மாலை கழன்றதும் இத்தனையும் ஒரே நாளில் போய்விடுகிறது. மிச்சமிருப்பது ஆறிலிருந்து பத்து வரை வெறும் நேரம், பழைய செட், டாஸ்மாக்.

எனவே குடியை விட்டவரின் தனிமையைப் பற்றிப் பேசும்போது மனஉறுதியிலிருந்து தொடங்குவதில் பயனில்லை. அந்த விரதம் கொடுத்த நான்கையும், அதாவது கேட்டவுடன் சொல்ல ஒரு பதில், குறித்த நேரம், கூட ஆட்கள், காணோமே என்று தேடும் ஓர் இடம் ஆகியவற்றை விரதம் இல்லாத நாளில் எப்படி அமைத்துக்கொள்வது என்பதுதான் வேலை.

அதற்கு முன் உடம்பு. தினமும் குடிப்பவர், அதிலும் காலையில் கை நடுக்கம் நிற்க ஒரு கட்டிங் போட்டால்தான் பல் தேய்க்க முடியும் என்ற நிலையில் இருப்பவர், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக நிறுத்தவே கூடாது. கடைசியாகக் குடித்து 6 முதல் 12 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, குமட்டல் தொடங்கும். 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முடிந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி கலங்கும்: சுவரில் இல்லாத பூச்சி ஊரும், யாரோ கூப்பிடுவார்கள், எங்கே இருக்கிறோம் என்பது தெரியாது. இதைக் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. பேய் பிடித்திருக்கிறது என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் நேரத்தைத் தொலைத்த குடும்பங்கள் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மாத்திரை கொடுத்து, சில நாட்களில் அளவைக் குறைத்து நிறுத்துவார்கள். தயமின் என்ற பி1 வைட்டமினும் சேர்த்துக் கொடுப்பார்கள். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் மருத்துவ உதவி எண் 104, மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446 ஆகிய மூன்றுமே கட்டணமில்லாதவை. முதல் 5 நாளைக்கு ராத்திரியிலும் கூட இருக்க ஒரு ஆள் வேண்டும். தனியாக வாழ்பவருக்கு அந்த ஆள் கிடைக்கவில்லையென்றால் மருத்துவமனையில் சேர்ந்துவிடுவதே சரி.

சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பவுடரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். "அவருக்கே தெரியாமல் குடியை நிறுத்துங்கள்" என்று விற்கும் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சிலவற்றில் டைசல்ஃபிரம் என்ற மருந்து இருக்கலாம். அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு அடித்து, ரத்த அழுத்தம் சரியும். இதய நோயுள்ளவர் செத்தும் போகலாம். மருத்துவர் சோதித்து, குடிப்பவரும் தெரிந்து சம்மதித்துச் சாப்பிட்டால் அது நல்ல மருந்துதான். ஒளித்துக் கொடுத்தது தெரிந்துவிட்டால் அந்த மனிதர் வீட்டுச் சாப்பாட்டையே நம்பமாட்டார். அதற்குமேல் தனிமை என்ன இருக்கிறது?

இனி அந்தச் சாயங்காலம். நாள் முழுக்கக் கஷ்டமாக இருக்கும் என்று பயப்படுகிறார்கள்; கஷ்டம் வருவது குறிப்பிட்ட மணிகளில்தான். வேலை விடும் நேரம், சம்பளம் ஏறிய நாள், சனிக்கிழமை ராத்திரி, ஞாயிறு மதியக் கறிச்சோறு, மழை பிடித்த அந்திப்பொழுது. ஆறிலிருந்து பத்து என்று வைத்தால் வாரத்துக்கு 28 மணி நேரம். கடை மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. பத்தைத் தாண்டிவிட்டால் அன்றைய பாடு பெரும்பாலும் முடிந்தது. (பிளாக்கில் கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும். ஆனால் அதற்கு எழுந்து, சட்டை போட்டு, ஆளைத் தேடி, கூடுதல் காசு கொடுக்க வேண்டும். அவ்வளவு தடை இருந்தாலே பாதிப் பேர் படுத்துவிடுவார்கள்.) குடிக்க வேண்டும் என்ற வேகமும் அப்படித்தான்: ஏறும், உச்சத்துக்குப் போகும், பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணி தனியாக, சும்மா, பசியோடு கழியக் கூடாது.

பசியை யாரும் சந்தேகப்படுவதில்லை. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவருக்கு ஆறு மணிக்கு நாக்கு கேட்பதில் பாதி வெறும் பசி. ஐந்தரைக்கு ஒரு கிண்ணம் சுண்டல், அல்லது அவித்த முட்டை இரண்டு, அல்லது மூன்று இட்லி என்று வயிற்றை நிரப்பிவிட்டுத்தான் வேலையை விட்டுக் கிளம்ப வேண்டும். வெறும் டீயும் பிஸ்கட்டும் போதாது. மது இல்லாமல் போனதும் இனிப்பின்மேல் தனி ஆசை வரும். பையில் கடலைமிட்டாய் வைத்துக்கொள்ளலாம், சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும். குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களில் பசி, கோபம், தனிமை, அசதி என்று நான்கைச் சொல்லி, கை பரபரக்கும்போது இதில் எது என்று பார்க்கச் சொல்வார்கள். அந்த வரிசையிலேயே பார்ப்பது நல்லது. முதலாவதைப் பத்து நிமிடத்தில் தீர்த்துவிடலாம்.

பஸ் நிறுத்தத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் கடை இருந்தால் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வேறு தெரு வழியாக நடங்கள். சம்பள நாளில் பணத்தை வீட்டில் இருப்பவரின் கணக்குக்கு மாற்றிவிட்டு, செலவுக்கென்று தனிக் கணக்கில் சின்னத் தொகை மட்டும் வைத்து, போனில் அந்தக் கணக்கை மட்டும் இணைத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றும். முதல் ஆறு மாதத்துக்குத் தோன்றட்டும்.

நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்ற இடத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். ஜிம்மில் சேர்வார்கள், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் இரும்பு தூக்குவார்கள், யாரிடமும் பேசாமல் திரும்பி வருவார்கள். உடம்பு தேறும், தனிமை அப்படியே இருக்கும். ஓர் இடம் உதவுமா என்று தெரிந்துகொள்ள ஒரே கேள்வி போதும்: நான் இரண்டு முறை வராவிட்டால் இங்கிருந்து யாராவது போன் செய்து கேட்பார்களா? கேட்பார்கள் என்றால் அது சரியான இடம். எதிரணிக்கு ஆள் குறைந்தால் ஆட்டமே நடக்காத ஷட்டில், கைப்பந்து. ஆசிரியர் பெயர் சொல்லித் தேடும் சிலம்பம், பறை வகுப்பு. சர்ச் பாடகர் குழு. கோயிலில் புல் செதுக்கி, ஒட்டடை அடித்து, விளக்குத் துலக்கும் ஞாயிற்றுக்கிழமை உழவாரப் பணிக் குழு. கோவைப் பக்கம் குளக்கரையில் சேர்ந்து குப்பை பொறுக்குகிறவர்கள். பொது நூலகம் நேரம் போக்க நல்லது, ஆனால் அங்கே பேசக் கூடாது. வாரத்தில் இரண்டு இடம், கிழமையும் மணியும் மாறாமல், 8 வாரம். அதற்குள் முகம் பழகும். முதல் மூன்று வாரம் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள், "இங்கேயும் நான் தனிதான்" என்று தோன்றும். அந்த மூன்றாம் வாரத்தில்தான் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள்.

சாயங்கால வேலையைவிடக் காலை வேலை ஒன்றுக்குத் தனி மதிப்பு உண்டு. காலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு வருகிற மனிதர் முந்தைய ராத்திரி பன்னிரண்டு வரை பாரில் உட்கார்ந்திருக்க மாட்டார். காலையில் கிடைக்கும் பழக்கத்தில் குடி தானாக வடிகட்டப்பட்டுவிடுகிறது. ஐந்தரைக்குப் போக வேண்டுமென்றால் பத்துக்குப் படுத்தாக வேண்டும், அது இன்னொரு லாபம். ஒன்றை மட்டும் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்: சில ஷட்டில், கிரிக்கெட் செட்டுகளில் ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முடிந்ததும் நேராகப் பீருக்குப் போவது வழக்கம். அப்படியென்றால் வார நாட்களில் மட்டும் ஆடுங்கள், அல்லது வேறு மைதானம் பாருங்கள். மாதத்துக்கு ஒரு ராத்திரியைக் கழிக்க வேண்டுமென்றால் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை இருக்கிறது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் நான்கு மணி நேரம், ஆயிரக்கணக்கான பேர் கூட நடப்பார்கள். பக்தி இல்லாதவரும் நடக்கலாம், யாரும் சீட்டுக் கேட்பதில்லை.

இனி அந்தப் பழைய செட். எல்லோரையும் வெட்டிவிடு என்று அறிவுரை சொல்வார்கள். பதினைந்து வருடம் கூட இருந்தவர்களை, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களை, தங்கச்சி கல்யாணத்துக்குக் கடன் கொடுத்தவர்களை ஒரே நாளில் வெட்ட முடியாது; வெட்டினால் அந்த ஓட்டை வழியாகத்தான் குடி திரும்பி வரும். ஆளை மாற்றாமல் நேரத்தை மாற்றிப் பாருங்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாக, கூட்டமாக வேண்டாம், காலை எட்டு மணிக்கு டிபனுக்கோ நாலு மணிக்கு டீக்கோ கூப்பிடுங்கள். மூன்று முறை கூப்பிட்டும் வராதவருக்கு உங்களோடு இருந்த உறவு பாட்டிலோடு முடிந்தது. அவர் கெட்டவர் என்று பொருளில்லை. வருகிறவர் ஒருவரோ இருவரோ இருப்பார். அவர்களோடும் முதல் சில சந்திப்பு அசடு வழியும், பேச விஷயமே கிடைக்காது. இத்தனை வருடம் என்னதான் பேசினோம் என்று தோன்றும். ஏதாவது கை வேலையோடு சந்தித்தால் இந்தச் சங்கடம் குறையும்: வண்டி சர்வீஸ் விடுவது, மீன் வாங்கப் போவது, பையனுக்கு ஸ்கூல் பார்ப்பது. வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியேறினால் அதுவே பேச்சாகிவிடும். சத்தத்தை நிறுத்தி ஆர்க்கைவில் போட்டுவிட்டு, காலையில் ஒரு முறை மட்டும் பாருங்கள்.

"ஏன்டா குடிக்கல?" என்பதற்குப் பதிலை முன்கூட்டியே வாயில் பழக்கி வைத்திருக்க வேண்டும். மாத்திரை சாப்பிடறேன், வயிறு சரியில்லை, வேண்டுதல் என்ற சாக்குகள் வேலை செய்யும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கெடு உண்டு. "மாத்திரை கோர்ஸ் முடிஞ்சிருச்சா மச்சி?" என்று அடுத்த மாதம் வந்து நிற்பார்கள். காரணம் சொன்னால் காரணத்தோடு மல்லுக்கட்டுவார்கள்: "பீர்ல என்னடா இருக்கு, அது சூட்டுக்கு நல்லது." ஆகவே காரணமே இல்லாத வாக்கியம் வேண்டும். "வேணாம் மாப்ள, விட்டுட்டேன்." மறுபடி கேட்டால் அதே மூன்று வார்த்தை, அதே குரலில். மூன்றாம் முறை கேட்டால் "விட்டுட்டேன்டா, நீ சாப்பிடு" என்று தட்டை அவர் பக்கம் நகர்த்துங்கள். கோபப்பட வேண்டாம், குடியின் கேடு பற்றிப் பாடம் நடத்தவும் வேண்டாம். நேற்று விட்டவன் இன்று போதிப்பதைப் போல மேசையைக் கெடுப்பது வேறில்லை. பெரியவர்கள், மாமனார் மச்சான் முறைக்காரர்கள் வற்புறுத்தினால், "மன்னிச்சுக்குங்க மாமா, டாக்டர் கண்டிசனா சொல்லிட்டார்" என்பது மரியாதை கெடாத பதில். அங்கே விளக்கம் தேவையில்லை, வயதும் முறையும் பேச்சை முடித்துவைக்கும்.

"சரி, குடிக்க வேணாம், சும்மா கம்பெனி குடு" என்ற அழைப்பு இதைவிட ஆபத்தானது. சைடிஷ் சாப்பிட்டுக்கொண்டு பாரில் உட்கார்ந்திருப்பது, எல்லோரையும் வீட்டில் விடும் டிரைவராக இருப்பது, இரண்டுமே முதல் 3 மாதத்துக்கு வேண்டாம். அந்த வாசனை, அந்த ஊறுகாய், கிளாஸ் சத்தம் எல்லாமே மூளைக்குப் பழைய சைகைகள். மூன்றாவது ரவுண்டுக்கு மேல் அவர்கள் பேச்சு உங்களுக்குப் புரியாது, உங்கள் நிதானம் அவர்களுக்குப் பிடிக்காது. பத்துப் பேர் நடுவில் தனியாக உட்கார்ந்திருப்பதற்கு அறையில் தனியாக இருப்பதே மேல். பின்னாளில் தவிர்க்க முடியாமல் போக நேர்ந்தால் சொந்த வண்டியில் போய், முதல் 45 நிமிடம் இருந்து, இரண்டாவது ரவுண்டு ஊற்றும்போது எழுந்துவிடுங்கள். உங்கள் கூல்டிரிங்க் பாட்டிலை நீங்களே திறக்க வேண்டும், கிளாஸ் கையிலேயே இருக்க வேண்டும். வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தால் வைத்துவிட்டுப் போன கிளாஸைத் தொடாதீர்கள். ஸ்பிரைட்டில் விளையாட்டுக்குக் கலந்துவிடும் நல்லவர்கள் இருக்கிறார்கள். பில்லில் சாப்பாட்டுப் பங்கை மட்டும் கொடுங்கள். சரக்குப் பங்கும் கொடுத்தால் "காசு கட்டிட்டோமே" என்ற எண்ணம் அன்றே வேலை காட்டும்.

கல்யாணங்களுக்கு ஒரு வழி நம் வழக்கத்திலேயே இருக்கிறது. குடி நடப்பது முந்தைய நாள் ரிசப்ஷன் இரவில், மண்டபத்துப் பின்பக்கம், கார் டிக்கியில், மொட்டை மாடியில். முகூர்த்தம் பெரும்பாலும் காலையில். முகூர்த்தத்துக்குப் போங்கள், முன்வரிசையில் உட்காருங்கள், மொய் எழுதுங்கள், காலைப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். யாருக்கும் குறையில்லை, சொல்லப்போனால் காலையில் வந்தவரைத்தான் வீட்டுக்காரர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். நெருங்கிய சொந்தம், இரவும் இருந்தாக வேண்டும் என்றால் பந்தி விசாரிக்கும் பொறுப்பை வாங்கிக்கொள்ளுங்கள். கையில் சாம்பார் வாளி இருப்பவரை யாரும் மாடிக்குக் கூப்பிடுவதில்லை. குலதெய்வக் கோயில் கிடா வெட்டில் இது பலிக்காது, அங்கே வாளி பிடித்தவரே குடித்திருப்பார். படையல் போட்டதும் சாப்பிட்டுவிட்டு, வெயிலோடு கிளம்பிவிடுவது ஒன்றே வழி.

துக்க வீடு இதைவிடக் கஷ்டம். அங்கே குடிப்பது தப்பாகவே பார்க்கப்படுவதில்லை. பறை அடிப்பவரிலிருந்து குழி வெட்டுபவர், பாடை தூக்குபவர் வரை பாட்டில் போகும், இறந்தவரின் மகனுக்கே "கொஞ்சம் போட்டுக்க, தாங்குவ" என்று கொடுப்பார்கள். நிஜமான துக்கமும் பழைய பழக்கமும் ஒரே மணியில் வந்து நிற்கும். கால் ஓடுகிற வேலை எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள்: ஐஸ் பெட்டி ஏற்பாடு, தண்ணீர் கேன், வெளியூர்க்காரர்களுக்குத் தகவல், இறப்புச் சான்றிதழுக்கான தாள்கள். கூட ஒருவரைக் கூட்டிப்போக முடிந்தால் கூட்டிப்போங்கள். காரியம் முடிந்த அன்றிரவு தனியாகப் படுக்காதீர்கள்; சறுக்கல் பெரும்பாலும் இடுகாட்டில் நடப்பதில்லை, எல்லோரும் ஊருக்குப் போன பிறகு நடக்கிறது.

ஆபீஸ் டீம் அவுட்டிங் புதுச்சேரி என்றாலோ ஈசிஆர் ரிசார்ட் என்றாலோ காலையில் போய் அன்றே திரும்புவதாகச் சொல்லுங்கள். தங்கித்தான் ஆக வேண்டுமென்றால் குடிக்காத ஒருவரோடு அறையை முன்பே பேசிவையுங்கள். ஒவ்வொரு டீமிலும் அப்படி ஒருவர் இருப்பார். இதுவரை நீங்கள் அவரைக் கவனித்திருக்கமாட்டீர்கள். காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் நாள் போன்ற மதுவிலக்கு நாட்களை நம்பாதீர்கள். கடை மூடியிருக்கும் நாளைவிட, வாங்கி அடுக்கும் அதற்கு முந்தைய சாயங்காலம்தான் மோசம்.

கூட்டம் என்று வரும்போது ஏஏ-வைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த அமைப்பு பிறந்ததே வெளியூரில் ஒருவர் தனியாக மாட்டிக்கொண்ட சாயங்காலத்தில்தான். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் அக்ரன் நகரம். நியூயார்க்கிலிருந்து வியாபார விஷயமாக வந்து தோற்றுப்போன பில் வில்சன், குடியை விட்டுச் சில மாதமே ஆனவர், மேஃபிளவர் ஓட்டலின் முன்கூடத்தில் நிற்கிறார். ஒரு பக்கம் பார், உள்ளே சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் தேவாலயங்களின் போன் எண்கள். அவர் எண்களைச் சுழற்றி, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று கேட்டுக்கொண்டே போனார். கிடைத்தவர் டாக்டர் பாப் என்ற அறுவை மருத்துவர். அந்த ஆண்டு ஜூன் 10இல் டாக்டர் பாப் கடைசியாகக் குடித்ததை அமைப்பின் தொடக்கமாகக் கணக்கு வைக்கிறார்கள். இந்தியாவுக்கு 1957இல் வந்தது. தமிழில் நடக்கும் குழுக்கள் சென்னையிலும் பல ஊர்களிலும் உண்டு; சர்ச் அறைகளில், பள்ளி வகுப்பறைகளில், ஆஸ்பத்திரி ஹாலில் கூடுவார்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் வாசல்வரை வந்து திரும்பிப் போகிறார்கள். ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். கட்டணம் இல்லை, விருப்பமுள்ளவர் போட ஒரு பெட்டி சுற்றி வரும். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. முழுப் பெயர், சாதி, வேலை எதுவும் கேட்கமாட்டார்கள். பேசச் சொன்னால் "இன்னைக்குக் கேட்டுக்கிறேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம். திறந்த கூட்டத்துக்கு வீட்டாரும் வரலாம், மூடிய கூட்டம் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். முதல் 90 நாளில் 90 கூட்டம் என்பது வழக்கமாகச் சொல்வது. உங்கள் ஊரில் வாரத்துக்கு ஒன்றுதான் என்றால் மற்ற நாட்களை ஆன்லைன் கூட்டத்தால் நிரப்பலாம். பின்வரிசையில் உட்கார்ந்து முடிந்தவுடன் ஓடிவிட்டால் பாதிப் பலன்கூட இல்லை. கால் மணி முன்னால் போய் நாற்காலி போடுங்கள், முடிந்த பிறகு டீக்கடையில் அரை மணி நில்லுங்கள். நட்பு பிடிபடுவது அந்த முக்கால் மணி நேரத்தில்தான். ஸ்பான்சராக, அதாவது கூடவே இருந்து வழிகாட்டும் மூத்த உறுப்பினராக, ஒருவரைக் கேட்கும்போது அவர் ஒரு வருடமாவது குடிக்காமல் இருப்பவராக, ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண்ணாக இருக்கட்டும். தினமும் ஒரே நேரத்தில் இரண்டு நிமிடம் போன் செய்யுங்கள், சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும். கூட்டத்தில் வரும் கடவுள் பேச்சு ஒத்துவராத கறுப்புச் சட்டைக்காரர்களும் அங்கே வருடக்கணக்கில் இருக்கிறார்கள், அந்த வரி வரும்போது டீயைப் பார்த்துக்கொண்டு. அதுவும் வேண்டாமென்றால் மறுவாழ்வு மருத்துவமனைகள் நடத்தும் பின்தொடர் கூட்டங்கள் உண்டு. சென்னையில், குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டிடிகே மருத்துவமனை குடும்பத்தையும் சேர்த்தே சிகிச்சைக்குள் கொண்டுவந்த இடம்.

குடும்பத்துக்கும் ஒரு தனிமை உண்டு, அது பழையது. கணவர் குடித்த வருடங்களில் அந்தப் பெண் விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தியிருப்பார், அக்கம்பக்கத்தில் பேச்சைக் குறைத்திருப்பார். இவர் குடியை விட்டு ஒரு மாதம் ஆனதும் வீடு கொண்டாடும் என்று எதிர்பார்ப்பார். வாசலிலேயே மோந்து பார்க்கிறார்கள், அரை மணி தாமதமானால் நான்கு போன் வருகிறது. "இன்னும் நம்பலையா?" என்று கத்துவதுதான் அடுத்த குடிக்குக் காரணமாகிறது. எங்கே இருக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரு வருடம் அப்படியே போகட்டும். ராத்திரி எட்டு மணிச் சாப்பாடு எல்லோரும் சேர்ந்து, டிவியும் போனும் இல்லாமல். வீட்டாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் தனியாக நடக்கின்றன. மனைவியோ அம்மாவோ அங்கே போனால், நீங்கள் குடித்தாலும் குடிக்காவிட்டாலும், அவர்களுக்குப் பேச ஆள் கிடைக்கும்.

திருவல்லிக்கேணி மேன்ஷன், திருப்பூர் பனியன் கம்பெனி அறை, வளைகுடா கேம்ப் என்று இருப்பவர்களுக்கு அறைத்தோழரே பிரச்சினை. அறையில் வைத்துக் குடிக்க வேண்டாம் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் அறை மாறுங்கள், வாடகை கூடினாலும். ராத்திரி அறைக்குத் தூங்க மட்டும் போவது போல நாளை அமையுங்கள். குடிக்கிற பெண்களின் தனிமை இன்னொரு தினுசு: தனியாகவே, ஒளிந்தே குடித்திருப்பார்கள், விட்டதையும் யாரிடமும் சொல்ல முடியாது. ஆண்கள் நிறைந்த அறைக்குள் நுழையத் தயங்குவது நியாயம். வீடியோவை அணைத்துவிட்டுக் கேட்கக்கூடிய ஆன்லைன் பெண்கள் கூட்டமோ, பெண் மனநல ஆலோசகரோ தொடங்குவதற்கு நல்ல இடம்.

குடிக்க என்ன என்பதற்குப் பன்னீர் சோடா, நன்னாரி, இஞ்சி எலுமிச்சை சோடா போதும். ஆல்கஹால் இல்லாத பீர் என்று விற்பதில் சிலவற்றில் 0.5 சதவீதம் வரை இருக்கலாம், 0.0 என்று போட்டவையும் உண்டு. அளவு எதுவானாலும் அந்த நுரையும் கசப்பும் பழைய ஞாபகத்தைத் தட்டும், முதல் வருடம் தொடாதீர்கள். அரிஷ்டம், ஆசவம், சில இருமல் மருந்துகளில் ஆல்கஹால் உண்டு; டைசல்ஃபிரம் சாப்பிடுபவர் லேபிளைப் படிக்காமல் எதையும் விழுங்கக் கூடாது. சாயங்காலம் ஐந்துக்கு மேல் காபி வேண்டாம், ஏற்கெனவே தூக்கம் கெட்டிருக்கும். எதிலும் ருசியில்லாமல் மந்தமாக இருப்பது முதல் சில வாரங்களில் எல்லோருக்கும் வருவது; அதைத் தனிமை என்று எடுத்துக்கொண்டு ஆளைத் தேடி ஓட வேண்டாம். மாதக்கணக்கில் நீடித்தாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அந்த வெற்று மணிகளில் போனில் நுழையும் பணம் கட்டி ஆடும் ரம்மி, அடுத்த அடிமைத்தனம். ஹான்ஸும் சிகரெட்டும் கூடிக்கொண்டே போனாலும் கவனம் தேவை.

சறுக்கினால் முதல் ஒரு மணி நேரம் முக்கியம். "நாளைக்குச் சொல்லிக்கலாம்" என்று வெட்கத்தில் ஒளிந்துகொள்பவர் இரண்டாம் நாளும் குடிப்பார், மூன்றாம் நாள் போனை அணைத்துவிடுவார். பல வாரம் விட்டுவிட்டு மறுபடி குடிக்கும்போது உடம்பு பழைய அளவைத் தாங்காது. முன்பு இரண்டு குவாட்டர் அடித்தவர் அதே அளவைப் போட்டால் மூச்சுத் திணறிக் கிடக்க நேரலாம். எனவே மூன்று எண்களைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருங்கள். போனை எடுப்பவருக்கும் முன்பே சொல்லி வையுங்கள்: "எங்க இருக்க? கூட யார் இருக்காங்க? சாப்பிட்டியா?" இந்த மூன்று கேள்வி போதும், "ஏன்டா இப்படிப் பண்ண?" வேண்டாம். ஆட்டோ பிடித்துப் போய்க் கூட்டி வந்து, மோர்சாதம் கொடுத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் யாராவது இருங்கள். கூப்பிட்டாலும் உலுக்கினாலும் எழாமல், மூச்சு விட்டு விட்டு வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். பேச வேண்டியது ஏதாவது இருந்தால் மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் பேசிக்கொள்ளலாம்.